பாம்புக்குக் கணப்பு

பினாங்கில் குடியிருந்துகொண்டு பாம்பைக் குளிரிலிருந்து காப்பாற்ற வழி தேடுகிறவன் என்று என்னைப் பற்றி நண்பர்களிடையே ஒரு கேலி உண்டு. கேலி செய்கிறவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே, கடல் சூழ்ந்து கிடக்கும் தீவு இது. ஆண்டு முழுவதும் நண்பகலில் 31, 32 டிகிரி வெப்பம். நள்ளிரவிலும் 23, 24-க்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே மனிதன் நிழலைத் தேடுகிறான், விசிறியைத் தேடுகிறான், வசதி கிடைத்தால் பினாங்குக் கொடிமலைக்கு ஏறிப்போய்க் காற்று வாங்குகிறான். இத்தகைய ஊரில் ஒருவன் பாம்புக்குக் கணப்பு மூட்டுகிறான் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்காக நான் கொடுத்த விலை என்ன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜார்ஜ் டவுனில், பினாங்குத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் பழைய கடைவீடு. கீழே என் அச்சகம், மேலே குடித்தனம். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் என் தந்தையார், நான், என் மனைவி, என் தமக்கையின் மகன் ஆகிய நால்வரே குடும்பம். தமக்கை மகனுக்குச் சிறு வயது முதலே பாம்புகளில் ஆர்வம். மற்றப் பிள்ளைகள் பந்தும் பட்டமும் கேட்ட வயதில் அவன் பாம்பைப் பற்றிய புத்தகங்கள் கேட்டான். பருவம் வந்ததும் முறைப்படி உரிமம் பெற்று ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கொண்டுவந்து சேர்த்தான். இந்நாட்டில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; இஷ்டம்போல் பாம்பு பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அது மிகவும் நியாயமே. அதே 2010-ஆம் ஆண்டில், பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவருடைய பெட்டி கோலாலம்பூர் விமான நிலையத்தில் உடைந்தபோது அதற்குள் 95 போவாப் பாம்புகள் இருந்தது உலகமே அறிந்த செய்தி. பாம்பின் மீது ஆசை என்று சொல்லிக்கொண்டு மனிதர் செய்யும் கொடுமைக்கும் எல்லை இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது நம் நாட்டுப் பாம்பன்று. ஆப்பிரிக்காவில், செனகல் முதல் உகாண்டா வரையிலுள்ள புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழும் சிறு மலைப்பாம்பு இனம். அஞ்சினால் தலையை உள்ளே வைத்துத் தன்னைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பால் பைத்தான்’. இந்தப் பெயரைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மையார், “பால் பாம்பா? அப்படியானால் நாளுக்கு எத்தனை கிண்ணம் குடிக்கும்?” என்று கேட்டார். பந்துக்கும் பாலுக்கும் உள்ள வேற்றுமையை என் மருமகன் பொறுமையோடு விளக்கினான். எந்தப் பாம்பும் பாலை உணவாகக் கொள்வதில்லை, பால் அதற்குச் செரிப்பதில்லை என்றும் சொன்னான். அம்மையார் நம்பவில்லை. “அப்படியானால் புற்றுக்கு இத்தனை காலமாய் நாங்கள் வார்த்த பாலெல்லாம் எங்கே போயிற்று?” என்றார். மண்ணுக்குத்தான் போயிற்று என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பையன் மேற்படிப்புக்காகக் கோலாலம்பூர் சென்றான். போகுமுன் பாம்பின் கண்ணாடிப் பெட்டியை எனக்குக் காட்டி, நான்கு பக்கத்தில் குறிப்பும் எழுதிக் கொடுத்தான். பெட்டியின் ஒரு கோடி 31 முதல் 33 டிகிரி வரை வெப்பமாய் இருக்கவேண்டும். மறு கோடி 25, 26 டிகிரியில் இருக்கவேண்டும். இரு கோடிகளிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். காற்றில் ஈரம் குறையக்கூடாது. இவற்றுக்காக அடியில் ஒரு மின்கணப்புப் பாயும், அதை அளவோடு நிறுத்தும் ஒரு கருவியும் வைத்திருந்தான். “மாமா, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்” என்று இரண்டு முறை சொன்னான். நான் தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவது எளிது.

2024-ஆம் ஆண்டின் முற்பகுதியில் மலேசியா முழுவதும் வெயில் தீயாய்க் காய்ந்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். வானிலைத் துறை வெப்ப எச்சரிக்கைகளை வெளியிட்ட வண்ணம் இருந்தது. எங்கள் மாடியில் ஓட்டுக்கூரையின் கீழ் நிற்க முடியவில்லை. தந்தையார் வயதானவர், வாடிப்போவாரே என்று அவர் அறையில் குளிரூட்டி பொருத்தினேன். செலவுதான், ஆனால் ஆயுள் முழுவதும் துறைமுகத்தில் வெயிலில் நின்று மூட்டை சுமந்தவருக்கு, கடைசிக் காலத்திலாவது குளிர்ச்சியான ஓர் அறை கொடுத்தோமே என்ற பெருமை எனக்கு. இரவும் பகலும் அதை 19 டிகிரியில் ஓட விட்டேன்.

அந்தப் பெருமையோடு பெருமையாய், பாம்பின் மீதும் எனக்கு இரக்கம் பிறந்தது. வீடே வேகும்போது இந்த வாயில்லா ஜீவனுக்கு அடியில் வேறு நெருப்பா? பையன் ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு எழுதிவைத்தான். அந்தப் புத்தகம் குளிர்நாட்டான் குளிர்நாட்டானுக்காக எழுதியது. பினாங்குக்கு அது பொருந்துமா? இப்படி எனக்கு நானே வழக்காடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். கணப்பை அணைத்தேன். பெட்டியைத் தூக்கித் தந்தையாரின் அறையிலேயே வைத்தேன். பாம்பு அசையாமல் சுருண்டு படுத்தது. ஆகா, சுகமாகத் தூங்குகிறது என்று எண்ணி மகிழ்ந்தேன்.

பத்து நாளில் அது விழுங்கிய எலியை அரைகுறையாய்க் கக்கிவிட்டது. அடுத்த முறை எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டையை உரிக்கத் தொடங்கியது. அது முழுதாய்க் கழலாமல் துண்டு துண்டாய் உடம்பில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, அறையில் மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலி கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பாம்பு தலையை அண்ணாந்து உயர்த்தி, வாயைச் சிறிது திறந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தது. வாயோரத்தில் கோழை. அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் கால்நடை வைத்தியரிடம் ஓடினேன். அவர் பாம்பைப் பார்க்குமுன் என்னைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி, “பெட்டியில் வெப்பம் எவ்வளவு?” என்பது.

“இதமாக இருக்கும்படிதான் வைத்திருக்கிறேன், டாக்டர்” என்றேன்.

“யாருக்கு இதமாக?” என்றார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு விடை வரவில்லை.

பிறகு அவர் விளக்கினார். பாம்பைக் ‘குளிர் இரத்தப் பிராணி’ என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றிவிட்டது. பாம்பின் இரத்தம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது இயற்கையின் கட்டளை அன்று. நம் உடம்புக்குள்ளே ஓயாமல் ஓர் அடுப்பு எரிகிறது. நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி அந்த அடுப்புக்கு விறகாய்ப் போகிறது. பாம்பு அவ்விதம் அடுப்பு வைத்துக்கொள்ளவில்லை. வேண்டிய வெப்பத்தை வெயிலிலும் பாறையிலும் மண்ணிலும் கடன் வாங்குகிறது. மிகுந்தால் நிழலுக்கு நகர்ந்து கடனைத் தீர்க்கிறது. ஆகவேதான் நம்மைப்போல் மூன்று வேளை உண்ணாமல், வாரக்கணக்கில் ஓர் இரையோடு அதனால் வாழ முடிகிறது. மிகச் சிக்கனமான குடித்தனம்! ஆனால் கடன் கிடைக்காத இடத்தில் அதை அடைத்துவிட்டால், குடித்தனம் முழுவதும் நின்றுபோகும். வயிற்றில் கிடக்கும் இரை செரிக்காது. செரிக்காத இரை உள்ளேயே அழுகும். நோயோடு போராடும் ஆற்றலும் தளர்ந்துவிடும். குளிரூட்டி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால் சட்டையும் சரியாக உரியாது. நம்மைப்போல் இருமிக் கோழையை வெளியே தள்ளவும் பாம்பினால் இயலாது. இருமலுக்கு வேண்டிய உதரவிதானம் அதற்கு இல்லை.

“மருந்து ஊசி போடுகிறேன். ஆனால் வெப்பம் இல்லாவிட்டால் மருந்தும் சரியாக வேலை செய்யாது. முதல் மருந்து வெப்பம்தான்” என்றார் வைத்தியர்.

பினாங்கில் பாம்பைப் பற்றிப் பேசினால் பாயான் லெப்பாசில் உள்ள பாம்புக் கோயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. சோர் சூ கோங் என்ற சீனத் துறவியின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயில் அது. அங்கே பச்சையும் மஞ்சளுமான விரியன்கள் மரக்கொப்புகளில் அசையாமல் தொங்குவதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன். ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்பார் ஒருவர். தெய்வத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்பார் இன்னொருவர். உண்மை இரண்டுமன்று. அந்த இனத்தின் இயல்பே அதுதான். காட்டிலும் அது அப்படித்தான் நாட்கணக்கில் ஒரே கிளையில் இருந்து, பறவையோ எலியோ அருகில் வரும் வரை காத்திருக்கும்; நடமாட்டமெல்லாம் பெரும்பாலும் இரவில். அசையாதது பக்தி என்று ஒருவர் நினைத்தார். மயக்கம் என்று மற்றொருவர் நினைத்தார். என் வீட்டில் அசையாமல் கிடந்ததைச் ‘சுகம்’ என்று நான் நினைத்தேன். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன உரிமை? மூவரும் செய்தது ஒன்றே. பாம்பைப் பார்க்காமல் நம் மனத்தைப் பார்த்தோம்.

இந்தக் குற்றம் படியாதவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1832-ஆம் ஆண்டில் லாமார் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர், மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, கோழியைப்போல் அடைகாத்து வெப்பம் ஊட்டுகிறது என்று இந்தியாவில் தாம் அறிந்ததைப் பாரிஸ் அறிவியற் கழகத்தில் தெரிவித்தார். பெரும் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. குளிர் இரத்தப் பிராணி எப்படி வெப்பம் கொடுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1841-இல், பாரிஸ் மிருகக்காட்சிச் சாலையிலேயே ஓர் இந்திய மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வாலென்சியன் என்பவர் அதன் மடிப்புகளுக்கிடையே வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிட அங்கே வெப்பம் மிகுந்திருந்தது. வாதம் முடிந்தது. 1966-இல் நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையில் நடந்த ஆராய்ச்சி அதன் வழியையும் காட்டியது. காற்று குளிரக் குளிர, தாய்ப்பாம்பு தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் பிறக்கும் வெப்பமே முட்டைகளைக் காக்கிறது. தனக்கென்று அடுப்பு வைத்துக்கொள்ளாத உயிர், குஞ்சுகளுக்காக அடுப்பு மூட்டுகிறது! அத்தனை நாளும் அது பெரும்பாலும் பட்டினி.

இதைப் படித்தபோது நம் தீவில் 2016 ஏப்ரலில் நடந்தது நினைவுக்கு வந்தது. பாயா தெருபோங்கில், மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஏறக்குறைய 8 மீட்டர் நீளமென்று சொல்லப்பட்ட ஒரு மலைப்பாம்பு பிடிபட்டது. உலகத்திலேயே நீளமானது இதுவாக இருக்கலாம் என்று எங்கும் பேச்சு. படங்கள் உலகெங்கும் பறந்தன. பிடிபட்ட சில நாட்களில் அது ஒரு முட்டையிட்டுவிட்டு இறந்துபோயிற்று. நாம் எல்லோரும் அதன் நீளத்தைப் பற்றித்தான் கேட்டோம். அது முட்டை தாங்கிய தாய் என்பதை அது இறந்த பிறகே அறிந்தோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். வைத்தியர் வீட்டிலிருந்து திரும்பியதும், பையன் எழுதிய நான்கு பக்கத்தையும் பாடம் படிக்கும் மாணவன்போல் படித்தேன். பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். கணப்புப் பாயைப் பெட்டியின் ஒரு கோடியில் மட்டும் அமைத்தேன். முழுவதும் சூடாக்கினால் அதுவும் கொடுமையே. நகர்ந்துபோகக் குளிர்ந்த மூலை ஒன்று வேண்டும். அளவுக்கருவி இல்லாமல் கணப்பை ஓடவிடுவது அதைவிடக் கொடுமை. கீழிருந்து வரும் சூட்டுக்குப் பாம்பு விரைவில் விலகிக்கொள்வதில்லை. வயிறு வெந்து புண்ணாகும் வரை படுத்திருப்பதும் உண்டாம். கோடிக்கு ஒன்றாக இரண்டு வெப்பமானிகள் வைத்தேன். கையால் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்று சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். என் கை 37 டிகிரி வெப்பமுள்ள உடம்பின் கை. 30 டிகிரிப் பொருளும் அதற்குக் குளிர்ச்சியாகவே தோன்றும். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்பாகப் பிறவாத எனக்கு வெப்பமானிதான் கால்.

வெப்பமானிகளைக் கடையில் வாங்கியபோது மூன்றாகக் கட்டி விற்றார்கள். இரண்டைப் பெட்டியில் வைத்தேன். மூன்றாவது மிஞ்சியது. ஏதோ எண்ணத்தில் அதைத் தந்தையாரின் கட்டில் தலைமாட்டில் வைத்தேன். இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். 19 டிகிரி. கீழே தந்தையார் படுத்திருந்தார். தலையில் துண்டு, உடம்பில் இரண்டு போர்வை, போர்வைக்குள்ளே, என் மனைவி பல ஆண்டுகளுக்கு முன் கொடிமலைக்குப் போக வாங்கிய கம்பளிச் சட்டை. முழங்கால்களை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். அசையவில்லை. நான் அந்த அறைக்குள் எத்தனையோ இரவு எட்டிப் பார்த்திருக்கிறேன். எட்டிப் பார்த்து, சுகமாகத் தூங்குகிறார் என்று எண்ணிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

ஒரு மாதமாக அவருக்கு இருமல். வயதின் கோளாறு என்று நாங்கள் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முதுமையில் உடம்பின் அடுப்பு தணிந்து எரியும், குளிரைத் தாங்கும் ஆற்றல் குறையும் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்த செய்தியை என் வீட்டுக் கட்டிலோடு நான் பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குளிரூட்டியை அணைத்தேன். சன்னலைத் திறந்தேன். அந்தச் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

“ஏனப்பா, இத்தனை நாளாய்க் குளிர்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“நீ ஆசையாய் வாங்கி வைத்தாய், தம்பி. வேண்டாமென்றால் உனக்கு வருத்தமாயிருக்கும்” என்றார். பிறகு, “அந்தப் பாம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

பாம்புக்குச் சொல்ல வாய் இல்லை. வாய் இருந்தும் தந்தையார் சொல்லவில்லை. நன்றி என்பது சில வேளைகளில் வாயைக் கட்டிவிடுகிறது. கொடுக்கிறவன் உயரத்திலும் வாங்குகிறவன் தாழ்விலும் நிற்கும் இடத்தில், ‘எனக்கு இது வேண்டாம், வேறு வேண்டும்’ என்று வாங்குகிறவன் சொல்வது அத்தனை எளிதன்று. ஆயுளெல்லாம் முதலாளிமார் கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலைகுனிந்த ஒரு தலைமுறையிடம், தன் மகனிடமாவது கூசாமல் கேட்கும் பழக்கத்தை நாம் வளர்க்கவில்லை. ஆகவே கேட்கவேண்டிய கடமை கொடுக்கிறவனையே சேர்ந்தது.

இதை என் வீட்டோடு முடிந்த கதையாக நான் கருதவில்லை. ஏழைக்கு எது நல்லது, பெண்ணுக்கு எது தக்கது, முதியோருக்கு எது இதம் என்று அவர்களைக் கேளாமலே முடிவு கட்டும் பெரிய மனிதர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர்! அவர்களிடம் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என்னிடமும் அன்பு இருந்தது. பாம்பை ஏறக்குறையக் கொன்றது அந்த அன்புதான். அளந்து பார்க்காத அன்பு, தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஆசையாக முடிந்துவிடுகிறது. புற்றில் பாலை வார்க்கும் அம்மையாரும் அன்போடுதான் வார்க்கிறார். பாம்பு அதைக் குடிக்கிறதா என்று ஒரு நாளும் நின்று பார்ப்பதில்லை.

ஏழாவது வாரத்தில் பாம்பு மீண்டும் இரை எடுத்தது. மூச்சின் சீழ்க்கை நின்றது. அடுத்த சட்டையைத் தலை முதல் வால் வரை ஒரே குழலாய் உரித்துப் போட்டது. அதைப் பையனுக்கு அனுப்பினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். விடுமுறையில் வந்தவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வெப்பமானியைப் பார்த்தான், பாம்பைப் பார்த்தான், “நன்றாக இருக்கிறது, மாமா” என்றான். அவன் கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தந்தையாரின் அறையில் இப்போது மின்விசிறி மெல்லச் சுழல்கிறது. அதன் விசை அவர் கட்டிலருகே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. குளிரூட்டியின் விசையும் அங்கேதான். பிற்பகல் வெயிலில் அவரே அதை ஒரு மணி நேரம் போடுவார், அவரே அணைப்பார். எத்தனை டிகிரி என்று நான் கேட்பதில்லை. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தீவில் அடைமழை இறங்கும்போது, காலையில் எழுந்ததும் முதலில் பாம்பின் பெட்டியில் இரண்டு வெப்பமானிகளையும் பார்க்கிறேன். பிறகு தந்தையாரின் அறைக்குப் போகிறேன். அங்கே வெப்பமானியைப் பார்ப்பதில்லை, “இராத்திரி குளிர்ந்ததா, அப்பா?” என்று கேட்கிறேன்.

முதலில் சில நாள் “இல்லை” என்றே சொன்னார். இப்போது சில நாளில் “ஆமாம்” என்கிறார்.